இரண்டு காயில், ஒரு கோன்: வேன் சப்வூஃபரைப் பழுது பார்த்த பதிவு

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், என் அக்காள் மகன் தன் சுற்றுலா வேனை நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். நவக்கிரகக் கோயில்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் ஆண்டு முழுவதும் ஓடும் வண்டி அது. கார்த்திகை பிறந்துவிட்டால் மாலை போட்டவர்களை ஏற்றிக்கொண்டு சபரிமலைக்குப் போகும். கடைசி இருக்கைக்குப் பின்னால் 2 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 12 அங்குல சப்வூஃபர் (பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்று, இரண்டையும் இயக்க ஒரே ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயர். "மாமா, இடது பொட்டியில சத்தமே வரல, தீஞ்ச வாடைதான் வருது. வலது பொட்டி பாடுது, ஆனா கொஞ்சம் தூக்கி வச்சா ஆம்ப்ல செவப்பு லைட்டு எரிஞ்சு நின்னுடுது" என்றான். பொருத்தியவரிடம் கேட்டதற்கு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுமாறு பதில் வந்ததாம். கார்த்திகை முதல் தேதிக்கு இன்னும் 12 நாட்கள் இருந்தன.

இரு பெட்டிகளிலும் இருந்தவை டூயல் வாய்ஸ் காயில் வகையைச் சேர்ந்தவை. இருபது ஆண்டுகளாக ஒலிபெருக்கிகளைப் பழுது பார்த்துவரும் எனக்கு, இந்த வகையில் வரும் பழுதுகளில் பெரும்பாதி ஒயர் இணைப்பில் செய்த பிழையால் வந்தவையாகவே இருந்திருக்கின்றன என்பது அனுபவம். அதனால் இந்தப் பழுதை நான் எப்படிப் பார்த்தேன், எதை அளந்தேன், கடைசியில் எந்த இணைப்பை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

முதலில் இந்த ஸ்பீக்கரின் உள்ளமைப்பைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண ஸ்பீக்கரில் ஃபார்மர் என்ற சிறு உருளையின் மேல் ஒரே ஒரு செப்புக் கம்பிச் சுற்று இருக்கும். அதன் 2 முனைகள் பிளஸ், மைனஸ் என்று வெளியே வரும். டூயல் வாய்ஸ் காயிலில் அதே ஃபார்மரின் மேல் ஒன்றுக்கொன்று மின்தொடர்பில்லாத 2 சுற்றுகள் இருக்கும். ஆகையால் வெளியே 4 முனைகள் வரும். சுற்றுகள் இரண்டாக இருந்தாலும் அவை ஆடுவது ஒரே காந்த இடைவெளியில், அவை தள்ளுவது ஒரே கோனை, அதாவது முன்னும் பின்னும் ஆடி ஒலி எழுப்பும் கூம்பை. இதை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தானாகவே விளங்கிவிடும். இரண்டு காயில் இருப்பதால் இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று நம்பி வாங்குவோர் பலர். ஸ்பீக்கரின் மேல் 300 வாட் என்று போட்டிருந்தால் அது இரண்டு காயிலும் சேர்ந்து தாங்கும் அளவு. ஒரு காயிலின் பங்கு அதில் பாதிதான். இரண்டு காயில் தருவது வேறு ஒரு நன்மை: கையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஓம் அளவை (மின்தடையை) நாமே அமைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். இது சிறிய காரியம். ஆனால் அவிழ்த்த பிறகு நினைவை நம்பினால் பழுதின் காரணம் கடைசிவரை தெரியாமல் போய்விடும். பின்னர் திருகுகளைக் கழற்றி இரு ஸ்பீக்கர்களையும் வெளியே எடுத்து, காயில்களை ஒன்றோடொன்று இணைத்திருந்த துண்டு ஒயர்களையும் படம் எடுத்த பின்னரே அவிழ்த்தேன்.

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டபோது 0.4 ஓம் காட்டியது. அது மீட்டர் ஒயரின் தடை. ஒவ்வோர் அளவிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும். குறைந்த ஓம் அளவுகளில் இதைக் கழிக்காமல் விட்டால் கணக்கு தவறிவிடும். வலது ஸ்பீக்கரின் இரு காயில்களும் கழித்த பிறகு 3.5 ஓம் என்று ஒரே அளவைக் காட்டின. 4 ஓம் என்று பெயர் பெற்ற காயிலின் நேர்மின் தடை சுமார் 3.2 முதல் 3.7 வரை இருப்பது இயல்பு. ஆகவே இவை 4 ஓமும் 4 ஓமுமான (பட்டறை வழக்கில் நான்கும் நான்குமான) காயில்கள், நலமாக இருக்கின்றன என்று தெரிந்தது. இடது ஸ்பீக்கரில் ஒரு காயில் 2.6 ஓம் காட்டி, கோனைத் தொட்டபோதெல்லாம் எண் மாறிக்கொண்டே இருந்தது. மற்றொரு காயில் எதுவுமே காட்டவில்லை, கம்பி அறுந்துவிட்டது. கோனை இரு பக்கமும் விரல்களை வைத்துச் சமமாக அழுத்தினால் உள்ளே போகவில்லை. சூட்டில் ஃபார்மர் உப்பி, காந்த இடைவெளியில் சிக்கிக்கொண்டுவிட்டது.

இப்போது எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு காயில்களையும் பக்க இணைப்பில், அதாவது பட்டறையில் பேரலல் என்று சொல்லும் முறையில், ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். நான்கு 4 ஓம் காயில்கள் பக்க இணைப்பில் வந்தால் மொத்தம் 1 ஓம். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 4 ஓமுக்கு 250 வாட், 2 ஓமுக்கு 400 வாட், 2 ஓமுக்குக் கீழே இணைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது. சிவப்பு விளக்கு எரிந்ததற்கு இதுவே காரணம். அந்த விளக்கு தன் கடமையைச் செய்தது. ஆனால் இடது ஸ்பீக்கர் எரிந்ததற்குக் காரணம் இது இல்லை. அங்கே முதல் காயிலின் பிளஸ் முனையிலிருந்து வந்த துண்டு ஒயர் இரண்டாவது காயிலின் மைனஸ் முனையில் முடிந்திருந்தது. ஒரு காயில் நேராகவும் மற்றது தலைகீழாகவும் பக்க இணைப்பில் இருந்தன.

இதன் விளைவை அக்காள் மகனுக்குச் சொல்லிப் புரிய வைப்பதைவிடக் கண்ணில் காட்டுவது மேல் என்று, நலமாக இருந்த வலது ஸ்பீக்கரை மேசை மேல் மல்லாத்தி வைத்தேன். 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றின் பிளஸ் முனையை முதல் காயிலின் பிளஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டவுடன் கோன் வெளிப்பக்கமாகத் துள்ளியது. இரண்டாவது காயிலிலும் அப்படியே. அடுத்து இரண்டையும் நேராகப் பக்க இணைப்பில் வைத்துத் தொட்டபோது துள்ளல் முன்னைவிட நன்றாகவே கூடியது. பிறகு இடது பெட்டியில் இருந்தபடியே இரண்டாவது காயிலைத் தலைகீழாக மாற்றி இணைத்துத் தொட்டேன். செல்லிலிருந்து மின்சாரம் போகிறது, தொடும் இடத்தில் சிறு பொறிகூடத் தெரிகிறது, கோன் அசையவில்லை. ஒரு காயில் வெளியே தள்ளுகிறது, மற்றது அதே பலத்தோடு உள்ளே இழுக்கிறது. அவன் விரலைக் கோனின் மேல் வைத்துப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே மாமா" என்றான்.

அசையாத கோன் ஏன் எரிகிறது என்பதுதான் இதில் முக்கியமான பகுதி. காயில் காந்தப்புலத்தில் அசையும்போது, அந்த அசைவே அதில் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். ஸ்பீக்கரின் ஒத்ததிர்வு அலைவரிசையில் 4 ஓம் காயிலின் இம்பிடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு அது காட்டும் மொத்த எதிர்ப்பு) பல மடங்கு உயர்வதும் இதனால்தான். கோன் அசையாவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லை. எதிரெதிராக ஓடும் இரு காயில்களும் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடுவதால் தூண்டல் எதிர்ப்பும் ஏறத்தாழ இல்லாமல் போகிறது. மிஞ்சுவது வெறும் செப்புக் கம்பியின் தடை மட்டுமே. ஆகவே, பாடிக்கொண்டிருந்த வலது ஸ்பீக்கரைவிட ஊமையாக இருந்த இடது ஸ்பீக்கரே அதிக மின்னோட்டத்தை இழுத்தது. இழுத்த அத்தனையும் வெப்பமாயிற்று. கோன் ஆடினால் இடைவெளியில் காற்று புகுந்து வெளியேறிக் காயிலைக் கொஞ்சமாவது குளிர வைக்கும். அந்த வழியும் அடைபட்டுப் போனது. சத்தம் வரவில்லை என்று வேனை ஓட்டியவர்கள் ஒலியைக் கூட்டக் கூட்ட, அது இன்னும் வேகமாக எரிந்திருக்கிறது.

இந்தப் பிழையை ஓம் மீட்டர் காட்டிக்கொடுக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு 3.5 ஓம் காயில்கள் நேராகப் பக்க இணைப்பில் இருந்தாலும் தலைகீழாக இருந்தாலும் மீட்டர் 1.75 என்றே காட்டும். ஓம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைந்து ஒலியைத் திறந்துவிடுவதில்தான் விபரீதம் இருக்கிறது. முனைகளில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தாலும் அதை நம்பாமல் ஒவ்வொரு காயிலையும் தனித்தனியே செல் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். கோனின் நகர்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விறைப்பான ஸ்பீக்கர் என்றால், பழைய ஊசி மீட்டரைக் குறைந்த வோல்ட் அளவில் காயிலில் மாட்டிவிட்டு, கோனை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் ஊசி ஒரு பக்கம் உதறும். இரண்டு காயிலிலும் ஊசி ஒரே பக்கம் உதறினால் குறிகள் சரி.

எரிந்ததை அப்படியே விட்டுவிட்டு ஒரே பெட்டியோடு ஓட்டலாமா, அல்லது எரிந்த ஸ்பீக்கரில் ஏதாவது ஒரு காயிலை மட்டும் பயன்படுத்தலாமா என்று அவன் கேட்டான். இடதில் ஃபார்மரே சிக்கிவிட்டதால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆனாலும் இதே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் விடையைச் சொல்கிறேன். நலமாக உள்ள ஸ்பீக்கரில் ஒரு காயிலை மட்டும் இயக்கினால் அது பாடும். ஆனால் தாங்கும் வாட் பாதியாகும், கோனை அடக்கி நிறுத்தும் மின்பிடிப்பும் பாதியாகும். தயாரிப்பாளர் தரும் அளவுகளில், இந்தப் பிடிப்பு குறையக் குறைய உயரும் கியூ.இ.எஸ். என்ற எண் அப்போது இரு மடங்காகும். அதே பெட்டியில் பேஸ் இறுக்கம் இழந்து வீங்கியதுபோல் கேட்கும். பயன்படுத்தாத காயிலின் முனைகளைத் திறந்தபடியே விட வேண்டும். ஒன்றோடொன்று தொட விட்டால் என்ன ஆகும் என்பதைக் கையாலேயே உணரலாம். வலது ஸ்பீக்கரில் ஒரு காயிலின் இரு முனைகளையும் துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு, கோனை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். நடவுக்கு உழுத சேற்றில் வைத்த காலை எடுப்பதுபோல் கோன் கனத்து, மெதுவாக நகர்ந்தது. ஒயரை எடுத்தவுடன் பழையபடி இலகுவாயிற்று. இரண்டு காயில்களும் ஒரே உருளையில் இருப்பதால் ஒன்றைக் குறுக்கினால் மற்றொன்றுக்கு அது பிரேக் ஆகிவிடுகிறது. ஒரு சானலை ஒரு காயிலுக்கும் மற்றொரு சானலை மற்றதற்கும் கொடுத்து, இடது வலது பேஸ் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் சேர்ப்பதும் இந்த வகையின் பழைய பயன்களில் ஒன்று. அப்படிச் செய்யும்போது இரண்டு சானலும் ஒரே அளவு ஒலியில் இருக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

இடது ஸ்பீக்கருக்குப் புதுக் காயில் போட முடிவு செய்தோம். காந்தமும் கூடையும் (ஸ்பீக்கரைத் தாங்கும் சட்டமும்) நன்றாக இருந்தன. புதிதாக வாங்குவதைவிட ரீகோனிங் (உள்ளே ஆடும் பகுதிகளைப் புதுப்பித்தல்) செய்வதே சரி என்று பட்டது. ஒற்றைக் காயில் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். நான்கும் நான்குமாகச் சுற்றிய 2 அங்குல இரட்டைக் காயில் இங்கே கிடைக்கவில்லை. ஃபார்மரின் உள்விட்டம், சுற்றின் உயரம், ஓம் ஆகியவற்றைக் குறித்துக் கொடுத்து, சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். அது வந்து சேர 4 நாட்கள் ஆயிற்று.

அதற்குள் பழையதைப் பிரித்து வைத்தேன். கோனின் நடுவில் மூடியாக இருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் வட்டமாக அறுத்து எடுத்தபோது அடைபட்டிருந்த தீய்ந்த வார்னிஷ் வாடை அறை முழுவதும் பரவியது. உள்ளே காயிலின் செம்பு கறுத்து, மேலடுக்கில் சில சுற்றுகள் பிரிந்து தொங்கின. ரப்பர் விளிம்பை வெப்பக் காற்றுக் கருவியால் இளக்கிக் கிழியாமல் எடுத்தேன். காயிலை நடுவில் தாங்கும் நெளிவுத் துணியான ஸ்பைடரை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இடைவெளிக்குள் உதிர்ந்து கிடந்த கரித்துகளையும் இரும்புத் துகளையும், ஒட்டும் பக்கம் வெளியே இருக்குமாறு மடித்த மாஸ்கிங் டேப்பை விட்டு விட்டு எடுத்துத் துடைத்தேன். ஒரு துகள் தங்கினாலும் புதுக் காயில் உரசும் என்பதால் இந்த வேலைக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன்.

புதுக் காயிலை நடுமையத்தில் நிறுத்துவதற்குப் பழைய எக்ஸ்ரே படச்சுருளை நான்கு பட்டைகளாக வெட்டி, ஃபார்மருக்கும் நடு இரும்புக்கும் இடையே செருகினேன். உயரம் அமைப்பதில் அவசரம் கூடாது. மேல் இரும்புத் தட்டின் தடிமன் 8 மி.மீ., சுற்றின் உயரம் 24 மி.மீ.; ஆகவே தட்டுக்கு மேலே 8, கீழே 8 என்று சமமாக நீட்டிக்கொண்டிருக்குமாறு குறி போட்டு நிறுத்தினேன். இதில் தவறினால் கோன் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடி, குறைந்த ஒலியிலேயே பேஸ் சிதையும். ஃபார்மரும் ஸ்பைடரும் சேருமிடத்தில் எப்பாக்சி. ரப்பர் விளிம்புக்கு நெகிழ்ந்து கொடுக்கும் பசை. பசைப் புட்டியில் 24 மணி நேரம் என்று இருந்தாலும், ஐப்பசி ஈரத்தை எண்ணி இரண்டு நாள் முழுதாகக் காய விட்டேன்.

இரட்டைக் காயிலில் மட்டும் வரும் ஒரு சிக்கல் இங்கே எதிர்ப்பட்டது. புதுக் காயிலிலிருந்து வந்த நான்கு முனைகளிலும் எந்தக் குறியும் இல்லை. மீட்டரால் எந்த இரண்டு முனைகள் ஒரு காயிலைச் சேர்ந்தவை என்று மட்டுமே கண்டுபிடிக்க முடியும்; எது பிளஸ் என்பதை அது சொல்லாது. கோனிலிருந்து முனைத் தகட்டுக்குப் போகும் பின்னல் கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றுவதற்கு முன்பு, எக்ஸ்ரே பட்டைகளை உருவிவிட்டு, செல்லால் தொட்டுப் பார்த்தேன். முதல் ஜோடிக்குக் கோன் வெளியே வந்தது. இரண்டாவது ஜோடிக்கு உள்ளே போனது. அந்த ஜோடியின் முனைகளை மாற்றிக்கொண்டு, இரண்டிலும் வெளியே வருவதைப் பார்த்த பிறகே பற்றினேன். கண்ணை மூடிக்கொண்டு பற்றியிருந்தால், எரிந்த ஸ்பீக்கரைச் சரி செய்து மீண்டும் எரியும் நிலையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பேன். டஸ்ட் கேப்பை ஒட்டுமுன் 25 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லக் கொடுத்துக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன், உரசல் இல்லை.

இனி ஓம் கணக்கு. எங்கள் ஊரை ஒட்டிய மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போவதைப் பார்த்தவர்களுக்குப் பக்க இணைப்பை விளக்க வேண்டியதில்லை: வழிகள் கூடக் கூடத் தண்ணீர் எளிதாகப் போகும், அதாவது மொத்தத் தடை குறையும். தொடர் இணைப்பு என்பது ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இரண்டு மதகுகள் இருப்பது. தடைகள் ஒன்றோடொன்று கூடும். ஆகவே நான்கும் நான்குமான ஒரு ஸ்பீக்கரைப் பக்க இணைப்பில் 2 ஓமாகவும் தொடர் இணைப்பில் 8 ஓமாகவும் ஆக்கலாம். 4 ஓம் ஆக்க வழியே இல்லை. அதே வகையில் இரண்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் 1, 4, 16 ஆகிய மூன்று அளவுகள்தான் சமமாகப் பகிரும் வழிகளில் கிடைக்கும். இங்கே 2 ஓமுக்கு வழியில்லை. இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டு 2 ஓம் வேண்டும் என்பவர் இரண்டும் இரண்டுமான காயில் உள்ளதை வாங்கி, ஒவ்வொன்றையும் தொடரில் 4 ஓம் ஆக்கி, இரண்டையும் பக்க இணைப்பில் சேர்க்க வேண்டும். கடையில் ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பிறகு பார்ப்பது தலைகீழான வரிசை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

எங்கள் ஆம்ப்ளிஃபயருக்கு 1 ஓம் ஆகாது, 16 ஓமில் வாட் மிகவும் குறைந்துவிடும். எஞ்சியது 4 ஓம். அதில் 250 வாட். இதைக் கேட்டதும் அக்காள் மகனின் முகம் வாடியது. ஒரே ஸ்பீக்கரை 2 ஓமில் இணைத்தால் 400 வாட் வருமே, அது மேலல்லவா என்றான். நியாயமான கேள்விதான், எண்களை வைத்து விடை சொன்னேன். ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கர்கள் அருகருகே இருந்து ஒன்றாக ஆடும்போது, தாழ்ந்த அலைவரிசைகளில் வாட்டை ஒலியாக்கும் அவற்றின் திறன் ஒற்றை ஸ்பீக்கரைப்போல் இரு மடங்காகும். அதனால் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுக்கும் 250 வாட், ஒன்றுக்குக் கொடுக்கும் 500 வாட்டுக்குச் சமமான ஒலியைத் தரும். 400 வாட்டில் ஓடும் ஒற்றை ஸ்பீக்கரைவிட இது ஏறத்தாழ 1 டெசிபல் கூடுதல். காயில் ஒவ்வொன்றும் சுமப்பது 62.5 வாட் மட்டும். ஒற்றை ஸ்பீக்கரில் அது 200 வாட், அதாவது 300 வாட் தாங்கும் ஸ்பீக்கரில் ஒரு காயிலின் பங்கான 150ஐயும் தாண்டிவிடும். ஆம்ப்ளிஃபயரிலிருந்து போகும் மின்னோட்டம் 2 ஓமில் 14 ஆம்பியர், 4 ஓமில் 8 ஆம்பியருக்கும் குறைவு. பேட்டரியிலிருந்து இழுப்பதும் அதற்கேற்பக் குறையும். மலைப்பாதையில் இரவெல்லாம் விளக்கெரிய ஓடும் வண்டிக்கு இது சின்ன விஷயமில்லை.

அந்த 4 ஓமையும் இரண்டு விதமாக அடையலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பக்க இணைப்பில் 2 ஓம் ஆக்கி, இரண்டு பெட்டிகளையும் தொடரில் இணைக்கலாம். அல்லது ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தொடரில் 8 ஓம் ஆக்கி, இரண்டு பெட்டிகளையும் பக்க இணைப்பில் சேர்க்கலாம். தொடரில் இணைத்தால் பேஸ் மந்தமாகும், பக்கத்தில் இணைத்தால்தான் இறுக்கமாக இருக்கும் என்று தொழிலில் உள்ளவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் பல ஆண்டுகள் அப்படியே நம்பியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. கோனை அடக்கும் மின்பிடிப்பு, காயிலின் விசைக் காரணியின் (ஓர் ஆம்பியருக்கு அது தரும் தள்ளுவிசையின்) இருமடியைத் தடையால் வகுத்தால் வருவது. தொடரில் விசைக் காரணி இரு மடங்காகிறது, தடையும் இரு மடங்காகிறது. நான்கை இரண்டால் வகுத்தால் 2. பக்கத்தில் விசைக் காரணி அப்படியே இருக்கிறது, தடை பாதியாகிறது. ஒன்றை அரையால் வகுத்தாலும் 2. ஒரே ஸ்பீக்கரின் இரண்டு காயில்களும் வேலை செய்யும்வரை எந்த இணைப்பிலும் கோனின் நடத்தை ஒன்றே. வேறுபாடு வருவது ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வாட் தருகிறது என்பதில் மட்டும். உண்மையில் மெல்லிய ஒயர் போட்ட இடங்களில் தாழ்ந்த ஓமே அதிகம் இழக்கிறது. இந்த வேனில் 0.5 சதுர மி.மீ. ஒயர், போய்வர 8 மீட்டர் ஓடியிருந்தது. அதன் தடையே சுமார் 0.3 ஓம். 1 ஓம் சுமையில் ஏறத்தாழ கால் பங்குத் திறன் ஒயரிலேயே வெப்பமாகியிருக்கிறது. அதை உருவிவிட்டு 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் போட்டேன். அதே நீளத்துக்கு 0.06 ஓம்தான்.

ஒலி ஒன்றே என்றான பிறகு, பயன்பாட்டைப் பார்த்து முடிவு செய்தேன். சபரிமலைப் பயணத்தில் சாமான்களுக்கு இடம் போதாமல் ஒரு பெட்டியை வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். பெட்டிகள் தொடரில் இருந்தால் ஒன்றை எடுத்தவுடன் மற்றொன்றும் ஊமையாகும். யாராவது ஒயரை முறுக்கிச் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் 2 ஓமில் நிற்கும். காயில்கள் தொடரில், பெட்டிகள் பக்கத்தில் என்றால், ஒரு பெட்டியை எடுத்தாலும் எஞ்சிய 8 ஓமில் மற்றது அமைதியாகப் பாடிக்கொண்டிருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கும் துன்பமில்லை. எனவே ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் முதல் காயிலின் மைனஸையும் இரண்டாவது காயிலின் பிளஸையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்தேன். முதல் காயிலின் பிளஸும் இரண்டாவது காயிலின் மைனஸும் பெட்டியின் முனைகளுக்குப் போயின. பெட்டி ஒவ்வொன்றும் 7 ஓம், ஆம்ப்ளிஃபயர் முனையில் இரண்டும் சேர்ந்து 3.5 ஓம் என்று மீட்டர் காட்டியது. மீட்டர் சொல்லாததை அறிய, ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயர் முனையில் ஒரு 9 வோல்ட் பேட்டரியைத் தொட்டேன். இரண்டு கோன்களும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் துள்ளின.

கடைசியாக, உள்ளே வரும் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்று அமைக்கும் ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகு. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேஸ் பூஸ்ட்டைப் பூஜ்ஜியத்தில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வண்டியின் பிளேயரை அவன் வழக்கமாகக் கூட்டும் உச்சிவரை கூட்டினேன். ஆம்ப்ளிஃபயர் முனையில் ஏ.சி. வோல்ட் 28 வரும்வரை கெயினை மெல்லத் திருகி அங்கேயே நிறுத்தினேன். 28ஐ 28ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 196 வாட். 250இன் விளிம்புக்குப் போகாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது ஒலி தட்டையாக வெட்டுப்படாமல் காக்கும்.

அன்று மாலை மழை ஓய்ந்திருந்த நேரத்தில் திருவாரூர் வரை போய்த் திரும்பினோம். சரணப் பாடல்களில் வரும் உடுக்கைக்கும் தவிலுக்கும் இரண்டு பெட்டிகளும் ஒன்றுபோல் பேசின. வீடு வந்து ஆம்ப்ளிஃபயரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, வழியில் சிவப்பு விளக்கு ஒரு முறையும் எரியவில்லை. இரு பெட்டிகளின் உட்புறத்திலும், காயில்கள் தொடரில், பெட்டி 8 ஓம், அளந்தது 7.0, குறி சோதித்தது என்று தேதியோடு எழுதி ஒட்டிவிட்டு, திருகுகளை முடுக்கினேன்.